முதல் பேஸ் ஜம்புக்குப் பயன்படுத்திய கருவி வாங்கும்போது அளவையும் நிலையையும் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: வடமேற்குக்காற்று

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பணிபுரிகிறேன். ஸ்கைடைவிங்கில் இருநூறு குதிப்புகளைக் கடந்துவிட்ட நிலையில், வரும் வசந்த காலத்தில் ட்வின் ஃபால்ஸ் நகரத்துப் பெரீன் பாலத்தில் பேஸ் ஜம்ப் (விமானத்திலிருந்து அல்லாமல் பாலம், பாறை போன்றவற்றிலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) முதல்நிலைப் பயிற்சியில் சேர முடிவு செய்திருக்கிறேன். அந்தப் பாலம் ஸ்னேக் ஆற்றுக்கு மேலே 486 அடி, அதாவது 148 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆண்டு முழுவதும் தனி அனுமதி பெறாமல் அங்கே குதிக்க முடியும் என்பதால், பல நாடுகளிலிருந்தும் புதியவர்கள் முதல் குதிப்புக்கு அங்கேதான் வருகிறார்கள்.

என் கேள்வி கருவியைப் பற்றியது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் அளவுக்கு இப்போது கையில் பணமில்லை. பயன்படுத்திய கருவி ஒன்று ஏறத்தாழ பாதி விலைக்கு வந்திருக்கிறது. 240 சதுர அடி அளவுள்ள, காற்று நிரம்பும் ஏழு அறைகள் கொண்ட கேனபி (பாராசூட்டின் விரியும் துணி), அதை மடித்து வைத்து இரண்டு பின்களால் மூடும் கன்டெய்னர் என்னும் முதுகுப்பை, திறப்பின் வேகத்தை மட்டுப்படுத்தக் கயிறுகளில் இறங்கும் வலைத்துணி ஸ்லைடர், கேனபியை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான 36 அங்குலப் பைலட் சூட். விற்பவர் சுமார் 60 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் உள்ளவர். சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில்தான் பெரும்பாலும் குதித்ததாகவும், நார்வேயின் கியெராக் பாறையிலிருந்து குதித்த ஒருமுறை மட்டும் ஃபியோர்டு நீரில் இறங்க நேர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். என் எடை 76 கிலோ, உயரம் 178 செ.மீ.

ஸ்கைடைவிங்கில் 170 சதுர அடி கேனபியில் பழகிய எனக்கு 240 என்பதே மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. அது உண்மையில் போதுமா? துணியின் நிலையையும் கயிறுகளின் நிலையையும் படங்களைக் கொண்டு எந்த அளவுக்கு மதிப்பிட முடியும்? வேறொருவர் உடலுக்குத் தைத்த ஹார்னஸ் (உடலில் அணியும் பட்டைகள்) எனக்குப் பொருந்துமா என்பதை வாங்குவதற்கு முன்பே அறிய வழியுண்டா? பயிற்சிக்கு முன்பே வாங்கிக்கொண்டு போவது நல்லதா, பயிற்சி முடிந்த பிறகு வாங்குவது நல்லதா?

பதில் 1: தையல்மேசை

வணக்கம். பாராசூட்டுகளைச் சரிபார்ப்பதும் தைப்பதும் என் தொழில். கேட்க வேண்டியதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு நிறைவு.

அளவிலிருந்து தொடங்குகிறேன். இந்த 240 உங்களுக்குச் சிறியது. பேஸ் கேனபியைத் தேர்ந்தெடுக்கும்போது, குதிப்பவரின் உடல் எடையோடு கருவி, ஹெல்மெட், காலணி, முழங்கால் காப்பு ஆகியவற்றின் எடையையும் சேர்த்து, அந்த மொத்த எடை ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 0.7 பவுண்டு என்ற அளவில் அமைய வேண்டும் என்பது பேஸ் உலகில் நெடுநாளாக வழங்கிவரும் பொதுக் கணக்கு. உங்கள் 76 கிலோவோடு கருவிகளுக்காகப் பத்துக் கிலோவைச் சேர்த்தால் 86 கிலோ, அதாவது 190 பவுண்டு. அதை 0.7 ஆல் வகுத்தால் 271 சதுர அடி வருகிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது 265 முதல் 280 வரையிலான கேனபியை. முதன்முதலாக இறங்கப்போகிறவர் என்பதால் அந்த எல்லைக்குள்ளும் பெரியதன் பக்கம் சாய்வதே நல்லது. அதே 240-ஐ விற்பவருக்குக் கணக்கிட்டால், கருவியோடு 70 கிலோ, அதாவது 154 பவுண்டுக்கு 0.64 தான் வருகிறது. உங்களுக்கு அது 0.79 ஆகிவிடும். அவருக்கு மெதுவாகவும் மென்மையாகவும் இறங்கிய கேனபி உங்களுக்கும் அப்படியே இறங்கும் என்று அவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை என்றாலும் அது உங்களுக்குப் பொருந்தாத உண்மை.

170-ஐயும் 240-ஐயும் நீங்கள் ஒப்பிடுவது இயல்பானதே. ஆனால் ஸ்கைடைவிங்கில் பரந்த புல்வெளியில், காற்றை எதிர்கொண்டு, கேனபி திறந்தபின் சில நிமிடங்கள் திட்டமிட்டு இறங்குகிறீர்கள். முதன்மைக் கேனபி கெட்டுப்போனால் ரிசர்வ் என்னும் மாற்றுக் கேனபி இருக்கிறது. பேஸ் கருவியில் ஒரே ஒரு கேனபிதான் உண்டு, ஏனெனில் இரண்டாவதைத் திறப்பதற்கான உயரம் அங்கே இல்லை. பெரீன் பாலத்தில் கேனபி திறந்த பிறகு உங்களுக்கு அரை நிமிடம் கிடைத்தாலே அதிகம்; இறங்க வேண்டிய இடம் ஆற்றோரத்தில் பாறைகளுக்கு நடுவே உள்ள சிறு நிலம். அந்தப் பள்ளத்தாக்கின் அடியே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால், கோடைப் பகலில் காற்றின் அடர்த்தி மேலும் குறைந்து, எந்தக் கேனபியும் கடற்கரையில் இறங்குவதைவிடச் சற்று வேகமாகவே இறங்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கேனபியின் பரப்பை எல்லா உற்பத்தியாளர்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் 265-உம் மற்றொரு நிறுவனத்தின் 265-உம் விரித்துப் பார்த்தால் ஒன்றாக இருப்பதில்லை. எனவே லேபிளில் உள்ள எண்ணோடு நிற்காமல், தயாரிப்பு எண்ணையும் தயாரித்த மாதத்தையும் கேட்டு வாங்கி, உங்கள் மொத்த எடைக்கு அந்த மாடலில் எந்த அளவைப் பரிந்துரைக்கிறார்கள் என்று உற்பத்தியாளருக்கே எழுதிக் கேளுங்கள். கயிறுகளின் நீள அட்டவணையையும், அந்த மாடலுக்கு எப்போதாவது எச்சரிக்கை அறிவிப்பு வந்ததா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

அளவோடு இணைந்த, ஆனால் பலர் கேட்க மறக்கும் ஒன்று பிரேக் அமைப்பு, அதாவது கேனபியின் பின்விளிம்பை இழுத்து வேகத்தைக் குறைக்கும் கயிறுகள். ஸ்லைடர் இல்லாமல் தாழ்வான இடத்திலிருந்து குதிக்கும்போது, கேனபி திறந்தவுடன் முன்னோக்கிப் பாயாதிருக்கும்படி பிரேக் கயிறுகளை ஆழமாக இழுத்துக் கட்டிவைக்கிறோம். கேனபி எதிர்த்திசையில், அதாவது நீங்கள் குதித்த பாறையையே நோக்கித் திறந்துகொண்டால், ரைசரை (ஹார்னஸையும் கேனபிக் கயிறுகளையும் இணைக்கும் பட்டையை) பிடித்துத் திருப்புவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் ஒரு நொடியோ இரண்டு நொடியோ அந்த ஆழமான பிரேக்கினால்தான் கிடைக்கிறது. அது எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பது கேனபியை மட்டுமன்றி அதில் தொங்குபவரின் எடையையும் பொறுத்தது. 60 கிலோ மனிதருக்காகக் கயிற்றில் தைத்த வளையத்திலேயே நீங்களும் பிரேக்கைக் கட்டினால், உங்கள் எடைக்குக் கேனபி கூடுதல் வேகத்தோடு முன்னே போகும். எந்தப் பழைய கேனபியை வாங்கினாலும் இந்த அமைப்பை உங்களுக்காக மீண்டும் சோதித்து, தேவையானால் வளையத்தை மாற்றித் தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி துணி. பேஸ் கேனபிகளில் பெரும்பகுதி எஃப்-111 வகை நைலான்தான். சிலவற்றில் மேல்துணியோ அதன் முன்பகுதியோ காற்றே புகாத ஜீரோ போரோசிட்டி துணியாக இருக்கும். எஃப்-111 புதிதாக இருக்கும்போது மிகச் சிறிதளவே காற்றை ஊடுருவ விடும். மடிப்பதாலும் உரசுவதாலும் வெயிலாலும் அது தளரத் தளர, காற்று கூடுதலாகக் கசிந்து, இறங்கும் தருவாயில் பிரேக்கை இழுத்தாலும் கேனபி பிடித்து நிறுத்தாமல் கீழே அமிழ்ந்துகொண்டே போகும். இதைப் படத்தில் காண முடியாது. நிறம் மங்கியிருப்பதும் கறையும் ஒட்டுத் தையலும் படத்தில் தெரியும். காற்றுக் கசிவைக் கையில் எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆகவே படங்கள் ஒரு கருவியை நிராகரிக்கப் பயன்படுமே தவிர, ஏற்றுக்கொள்வதற்குப் போதா.

ஃபியோர்டு நீர் உப்பு நீர். அதில் நனைந்த கேனபியை உடனே நன்னீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்தாவிட்டால், உப்புத் துகள்கள் துணியின் இழைகளுக்கும் கயிற்றின் பின்னலுக்கும் இடையே தங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் அவற்றை அரித்துக்கொண்டிருக்கும். இணைப்பு வளையங்களிலும் பின்களிலும் கன்டெய்னரின் உலோகக் கண்களிலும் துரு இருக்கிறதா என்று பார்த்தால், அலசினாரா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கயிறுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் லாட்டர்புருன்னனில் குதித்தவர், ஆகவே ஸ்லைடரோடு அதிகம் குதித்தவர் என்பது முக்கியமான தகவல். ஸ்பெக்ட்ரா கயிறாக இருந்தால், ஒவ்வொரு திறப்பிலும் ஸ்லைடரின் வளையங்கள் உரசி எழுப்பும் சூட்டில் வெளிப்புறக் கயிறுகளும் பிரேக் கயிறுகளும் மெல்லச் சுருங்கியிருக்கும். நடுவிலுள்ள கயிறுகள் அப்படியே இருக்க ஓரக் கயிறுகள் மட்டும் குட்டையானால், கேனபியின் வடிவமே மாறுகிறது. கைப்பிடியை முழுவதும் மேலே விட்ட பிறகும் பிரேக் சற்று இழுபட்டபடியே இருக்கும். டாக்ரான் கயிறு அப்படிச் சுருங்குவதில்லை, ஆனால் தடித்தது. எதுவாக இருந்தாலும், எல்லாக் கயிறுகளையும் ஒரே இழுவிசையில் வைத்து அளந்து, உற்பத்தியாளர் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தேய்ந்த கயிறு குறைபாடுதான். ஆனால் மாற்றக்கூடிய குறைபாடு, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். தளர்ந்த துணிக்கு அப்படி ஒரு தீர்வு இல்லை.

பதில் 2: பாலத்தடி

தையல்மேசை அக்கா கேனபியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் பைலட் சூட், கன்டெய்னர், ஹார்னஸ் ஆகியவற்றுக்கு வருகிறேன், ஏனெனில் அந்த விளம்பரத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 36 அங்குலம் என்ற எண்தான்.

குதித்த முதல் வினாடியின் முடிவில் உங்கள் வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர்தான்; இரண்டாம் வினாடியில் அது ஏறத்தாழ இருபது. பைலட் சூட் இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், ஒரு வினாடியில் வீசினால் கிடைக்கும் இழுவை, இரண்டு வினாடியில் வீசினால் கிடைப்பதில் கால் பங்கே. அந்தக் குறைந்த வேகத்திலும் பின்களை உருவி, கேனபியைக் கன்டெய்னரிலிருந்து வெளியே எடுத்து, கயிறுகளை நீட்ட வேண்டுமென்றால் பைலட் சூட்டின் பரப்பு பெரியதாக இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் பெரீன் போன்ற உயரத்தில், குறுகிய தாமதத்தோடு குதிக்கும்போது 46 அல்லது 48 அங்குலப் பைலட் சூட்டைப் பயன்படுத்துகிறார்கள். 48 அங்குல வட்டத்தின் பரப்பு 36 அங்குல வட்டத்தைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு. லாட்டர்புருன்னனில் பல வினாடிகள் விழுந்து, மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பெற்ற பிறகு வீசுபவருக்கு 36 சரியானது. அந்த வேகத்தில் 48-ஐ வீசினால் கேனபியை மிக வன்மையாகப் பிடுங்கி, திறப்பையே சீர்குலைத்துவிடும். அவருடைய பைலட் சூட் நல்ல நிலையில் இருந்தாலும் அது வேறொரு வகைக் குதிப்புக்கானது. 148 மீட்டரிலிருந்து எதையும் திறக்காமல் விழுந்தால் நீரைத் தொட ஐந்தரை வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதில் பைலட் சூட் தயங்குவதற்கு ஒதுக்க ஒரு வினாடிகூட இல்லை.

பைலட் சூட்டை எப்போதும் தனியாகப் புதிதாக வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. மொத்தக் கருவியின் விலையில் அது சிறு பகுதி. ஆனால் அதன் துணி தளர்ந்திருந்தால், வலைத்துணி கிழியத் தொடங்கியிருந்தால், உள்ளே இருக்கும் நடுநாடா ஒருபக்கம் இழுபட்டு அது சுழலும்படி ஆகியிருந்தால், அதற்குப் பின் வரும் எதுவும் ஒழுங்காக நடக்காது. பைலட் சூட்டைக் கேனபியோடு இணைக்கும் பிரைடில் நாடா ஒன்பது அடி நீளம் இருக்கிறதா, விளிம்பில் எரிந்த தடமோ உரசிய தடமோ உண்டா என்பதையும் பாருங்கள்.

கன்டெய்னரில் நீங்கள் அறிய வேண்டியது, அது எந்த அளவுக் கேனபிக்காகத் தைக்கப்பட்டது என்பது. 240-க்கு அளவான கன்டெய்னரில் நாளை 280-ஐத் திணித்தால், மூடும் கயிற்று வளையங்கள் விறைத்து, பின்கள் இறுகிக்கொள்ளும்; ஒரு வினாடித் தாமதத்தில் கிடைக்கும் சிறு இழுவைக்கு அவை நகராமல் போகலாம். பெரிய கன்டெய்னரில் சிறிய கேனபியை வைத்தால், வளையம் தளர்ந்து, நீங்கள் விளிம்பில் நிற்கும்போதே பின் நழுவும் அபாயம் இருக்கிறது. வெல்க்ரோவால் மூடும் கன்டெய்னர் தாழ்வான குதிப்புகளுக்கு எளிமையானது. பழையதாக இருந்தால் வெல்க்ரோவைப் பிரித்து மாற்றித் தைத்துவிடலாம். நீண்ட நேரம் விழும் குதிப்புகளுக்கு, பின்களால் மூடும் வகைதான் வேண்டும். நீங்கள் முதல் ஆண்டில் பாலத்தில்தான் குதிக்கப்போகிறீர்கள் என்றால், இரண்டில் எது கிடைத்தாலும் அளவு பொருந்துவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பைலட் சூட்டை வைக்கும் கீழ்ப்பையின் நெகிழ்துணி இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது தொய்ந்திருந்தால் ஏறும் வழியிலேயே பைலட் சூட் வெளியே வழியக்கூடும்.

ஹார்னஸைப் பொறுத்தவரை, 165 செ.மீ. மனிதருக்குத் தைத்தது உங்களுக்கு ஏறக்குறைய நிச்சயமாகக் குட்டையாக இருக்கும். தோளிலிருந்து இடுப்புக்கு வரும் முதன்மைப் பட்டையின் நீளம்தான் அடிப்படை. கால் பட்டையைத் தளர்த்தி அதைச் சரிக்கட்ட முடியாது. நேரில் பார்க்க முடிந்தால், அணிந்து நின்று பார்ப்பதோடு விடாமல், ரைசர்களை உறுதியான உத்திரத்தில் மாட்டி, அதில் தொங்கிப் பாருங்கள். தொங்கும்போது மார்புப் பட்டை கழுத்தை நோக்கி ஏறுகிறதா, கால் பட்டைகள் தொடையின் மேற்புறத்தில் சரியாக அமர்கின்றனவா, பிரேக் கைப்பிடிகள் கையை முழுவதும் நீட்டாமலே எட்டுகின்றனவா, கீழ்ப்பையில் உள்ள பைலட் சூட்டைக் கண்ணால் பார்க்காமலே கை தொடுகிறதா என்ற நான்கையும் ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். தொலைவில் இருப்பவரிடம் வாங்குகிறீர்கள் என்றால், பட்டைகளின் நீளத்தை அளந்து எழுதச் சொல்லி, உங்கள் உடல் அளவுகளோடு சேர்த்து அந்தக் கன்டெய்னரின் உற்பத்தியாளருக்கு அனுப்பினால், பொருந்துமா என்று சொல்லிவிடுவார்கள்.

பதில் 3: நீரோட்டம்

மேலே உள்ள இரு பதில்களோடும் உடன்படுகிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: பயிற்சிக்கு முன் வாங்காதீர்கள்.

பயிற்சி நடத்துபவர்களில் சிலர் முதல் குதிப்புகளுக்குக் கருவியையும் தருகிறார்கள் அல்லது வாடகைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அப்படிப்பட்ட பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் எடைக்கு ஏற்ற, அவர்களே மடித்துப் பழகிய, ஒவ்வொரு குதிப்பின் வரலாறும் தெரிந்த கேனபியில் முதல்முறை பாலத்தை விட்டுக் கிளம்புவீர்கள். முதல் குதிப்பில் பயிற்சியாளர் உங்கள் பைலட் சூட்டைக் கையில் பிடித்திருப்பது அங்கே வழக்கம். நீங்கள் விழ விழ அது கயிறுகளை நீட்டிக்கொடுக்கும். அந்த நாள்களில் கேனபி உங்களை எப்படி இறக்குகிறது, பிரேக்கில் எங்கே தளர்கிறது, மடிப்பதில் எது உங்களுக்குக் கடினம் என்பவை தெரிந்த பிறகு விளம்பரங்களைப் படித்தால், அதே வரிகள் வேறு பொருள் தரும்.

அமெரிக்காவில் ஸ்கைடைவிங் ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ரிக்கர் திறந்து சரிபார்த்து மடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விமானத்திலிருந்து குதிப்பதற்கான அந்த விதிகள் பேஸ் கருவியைத் தொடுவதில்லை. எந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை, எந்தப் பதிவேடும் கட்டாயமில்லை. ஸ்கைடைவிங்கிலிருந்து வருகிறவர்கள், யாரோ ஒருவர் இதைச் சரிபார்த்திருப்பார் என்று தம்மையறியாமலே நம்பிவிடுகிறார்கள். பழைய பேஸ் கருவியின் வரலாறு என்பது விற்பவரின் சொல் மட்டுமே. அதைத் துணியிலும் கயிற்றிலும் சரிபார்க்கத் தெரிந்த ரிக்கர் வேண்டும். ஸ்கைடைவிங் ரிக்கர் உரிமம் இருந்தால் போதாது, பேஸ் கருவியோடு பழகியவராக இருக்க வேண்டும்.

வடமேற்குக்காற்று

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 240 விளம்பரத்தை விட்டுவிட்டேன். பயிற்சியையும் கருவி தருபவர்களிடமே பதிவு செய்யப்போகிறேன்.

ஆயினும் பயிற்சிக்குப் பிறகு வாங்குவதற்காக மற்றொன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன். 280 சதுர அடி, ஏழு அறை, முழுவதும் எஃப்-111 துணி, டாக்ரான் கயிறு. பழைய மாடல், அடிப்புறத்தில் காற்றுத் திறப்புகள் இல்லை. வெல்க்ரோ கன்டெய்னர், 280-க்கென்றே தைத்தது. விற்பவர் ஏறத்தாழ என் எடையும் உயரமும் உள்ளவர். பாலங்களில் மட்டுமே, ஸ்லைடர் இல்லாமல் குதித்திருக்கிறார். குதிப்புகளை நாள்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சில ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததாகச் சொல்கிறார். பிரேக் கைப்பிடிகள் கயிற்றோடு நிலையாகக் கட்டப்பட்டவை. காற்றுத் திறப்புகள் இல்லாததும், கைப்பிடி பழைய வகை என்பதும் இதை நிராகரிக்கப் போதுமான காரணங்களா, தையல்மேசை அக்கா?

பதில் 4: தையல்மேசை

இது முன்னதைவிடக் கவனிக்கத் தக்க கருவி. 190 பவுண்டுக்கு 280 என்றால் 0.68, அளவு சரி. விற்பவர் உடல் உங்களோடு ஒத்திருப்பதால் ஹார்னஸும் பொருந்த வாய்ப்பிருக்கிறது, இருந்தாலும் பாலத்தடி சொன்னபடி தொங்கிப் பார்த்த பிறகுதான் அதை உறுதியாகக் கொள்ள வேண்டும்.

அடிப்புறக் காற்றுத் திறப்புகள், குறைந்த வேகத்திலும் கேனபியின் அறைகள் விரைந்து நிரம்பி விறைப்பாக நிற்க உதவுகின்றன. மிகத் தாழ்வான இடங்களிலிருந்து குதிப்பவர்களுக்கு அவை பெரிய பயன். 148 மீட்டர் பாலத்தில், கீழே திறந்த வெளியோடு, முதல் ஆண்டைக் கழிக்கப்போகும் உங்களுக்கு அவை இல்லாதது நிராகரிக்கும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், திறப்புகள் உள்ள, துணி தளர்ந்த கேனபியைவிட, திறப்புகள் இல்லாத, துணி நன்றாக உள்ள கேனபியை உங்களுக்குத் தருவேன். அடிவாரம் ஒடுங்கிய, உயரம் குறைந்த இடங்களுக்குப் போகும் எண்ணம் பின்னாளில் வந்தால் அப்போது கேனபியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கைப்பிடி வேறு விஷயம். ஸ்லைடர் இல்லாத திறப்பில் பிரேக் கயிறு கேனபியின் முன்விளிம்பைத் தாண்டி மேலே விழுந்து, அதை இரண்டாக நெறித்துவிடும் நிலை வரலாம். அதைத் தவிர்க்கத்தான் கேனபியின் பின்விளிம்பில் கயிறுகளைச் சேர்த்துக் கட்டும் டெயில் கேட் வைக்கிறோம். அதையும் மீறி நேர்ந்தால், அந்த ஒரு கயிற்றை மட்டும் கைப்பிடியிலிருந்து முழுவதும் விடுவித்துவிட வழி வேண்டும். அதற்கான லைன் ரிலீஸ் கைப்பிடிகள் இல்லாமல் இந்தக் கருவியில் குதிக்காதீர்கள். ஆனால் அதை மாற்றுவது எளிது. பெரும்பாலும் கைப்பிடிகளையும் ரைசர்களையும் மாற்றினால் போதும், கேனபியைத் தொட வேண்டியதில்லை. டெயில் கேட் இருக்கிறதா என்பதைக் காட்டும் படத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் அதையும் தைத்துவிடலாம்.

பயன்படுத்தாமல் வைத்திருந்தது தன்னளவில் குற்றமில்லை. நைலானுக்கு முதற்பகை வெயில். இருளான, உலர்ந்த அறையில் துணி நீண்ட காலம் நன்றாகவே இருக்கும். எங்கே வைத்திருந்தார் என்பதைத்தான் தெளிவாகக் கேட்க வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகையில், பேட்டரிக்கும் எரிபொருளுக்கும் அருகில் வைத்திருந்தார் என்றால், அமிலமோ எண்ணெயோ பட்டிருக்கும் ஐயத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன். வெல்க்ரோவின் கொக்கிப் பகுதி பிரேக் கயிறுகளை உரசிப் பஞ்சாக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெல்க்ரோ கன்டெய்னரில் அது அடிக்கடி காணும் தேய்மானம். பிரேக் கட்டும் வளையம் உள்ள கீழ்க்கயிற்றை நிலையைப் பாராமலே புதிதாக மாற்றிவிடுங்கள். உங்கள் எடைக்கு ஏற்ற ஆழத்தில் வளையத்தைத் தைக்க அதுவே வாய்ப்பு.

வாங்கிய பிறகு நேராகப் பாலத்துக்குப் போகாதீர்கள். ஸ்கைடைவிங் மையத்தில் மாணவர்களுக்கான பெரிய கன்டெய்னர்கள் இருக்கும். அவற்றில் 280 அளவு கேனபி பெரும்பாலும் அடங்கும். ரிசர்வோடு கூடிய அந்தக் கன்டெய்னரில், ஸ்லைடரையும் மாட்டி, ரிக்கர் ஒருவர் பொருத்தித் தர, விமானத்திலிருந்து இந்தக் கேனபியில் குதியுங்கள். உயரத்தில் இருக்கும்போதே பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, எந்த இடத்தில் அது பறப்பதை நிறுத்திப் பின்வாங்குகிறது என்று பாருங்கள்; ஆழமான பிரேக் வளையத்தின் இடத்தைத் தீர்மானிக்க அந்தக் குறிப்பு ரிக்கருக்கு நேரடியாக உதவும். அதோடு, தரையில் ஒரு சிறு வட்டத்தைக் குறித்து, பிரேக்கை அரைப்பங்கு இழுத்தபடியே இறங்கி, அதற்குள் கால் வைக்கப் பழகுங்கள். 170-இல் நீங்கள் கற்ற வேகமான இறக்கம் இந்தக் கேனபியில் கைகொடுக்காது. துணி தளர்ந்திருந்தால் அதுவும், ரிசர்வ் முதுகில் இருக்கும்போதே, புல்வெளியில் தெரிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: கேனபியைக் கன்டெய்னரிலிருந்து பிரித்து, இருவருக்கும் தொடர்பில்லாத, பேஸ் கருவி அறிந்த ரிக்கருக்கு அவர் அனுப்ப வேண்டும், சோதனைச் செலவு உங்களுடையது, ரிக்கரின் எழுத்து அறிக்கை வந்த பிறகே பணம் கைமாறும், அறிக்கை சரியில்லையென்றால் கருவி அவருக்கே திரும்பும், அனுப்பும் செலவையும் நீங்களே ஏற்பீர்கள். நாள்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர் இதற்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார். மறுத்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அத்தோடு விட்டுவிடுங்கள். ரிக்கருக்கு எழுதும்போது உங்கள் உடல் எடையை மட்டும் எழுதாமல், ஹெல்மெட், காலணி, காப்புகள், குளிருக்கான உடை எல்லாம் அணிந்து தராசில் நின்று, அதோடு கருவியின் எடையையும் கூட்டி எழுதுங்கள். நான் மேலே போட்ட 86 கிலோ ஒரு மதிப்பீடுதான், உண்மை எண் 90-ஐத் தொட்டால் 0.68 என்பது 0.71 ஆகிவிடும், பிரேக் வளையத்தின் இடமும் அதற்கேற்ப மாறும்.